சூடானால் நிற்கும் வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நடுரோட்டில் நின்றுபோனால் போதும், தெருவில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் வந்து, "பிளக்கைக் கழட்டித் துடைங்க" என்பார். பால் வாங்க வந்தவர், "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு" என்பார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒருவர் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். வண்டிக்காரனும் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வருவான், நிஜமாகக் கெட்டுப்போனது ஒன்றைத் தவிர.

இந்த மாதிரி ஆட்களுக்குப் பாகங்கள் விற்றே பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்ட அக்காவுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் மிச்சமில்லை. தெருவே அவளை 'பார்ட்ஸ் அக்கா' என்றுதான் கூப்பிடும். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள், நடுச்சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பியின் பட்டறை. அங்கே வண்டியைப் பிரிப்பது தம்பி, வேண்டியதை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுப்பது அக்கா. வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, வால்வு இறுகியிருக்கிறதா செயின் தொங்குகிறதா என்று ஸ்டூலை விட்டு எழாமல் அவளால் சொல்லிவிட முடியும். யாரும் கேட்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

அவள் பார்க்காத அசிங்கம் கிடையாது. கியர்பாக்ஸ் கத்துகிறது என்று மரத்தூளை அள்ளிப் போட்டவனைப் பார்த்திருக்கிறாள். பலகாரம் சுட்டு மிஞ்சின எண்ணெயை எஞ்சினில் ஊற்றியவனைப் பார்த்திருக்கிறாள். அந்த வண்டி போன தெருவெல்லாம் நாள்பட்ட எண்ணெய்ச் சிக்கு வாடை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருப்பது தெரியாமல், "பிக்கப் இல்லக்கா" என்று மூன்று மாதம் ஓட்டியவனும் உண்டு. அதையெல்லாம் பார்க்கும்போது அவளுக்குக் குமட்டும், காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள். மடையர்கள் செய்வது, என்ன செய்ய. ஆனால் அந்த வியாழக்கிழமை அவள் பார்த்தது மடையன் செய்த வேலை இல்லை.

காலையில் கடை திறந்த கையோடு வாட்ச்காரர் வந்தார். வந்தார் என்றால் ஓட்டிக்கொண்டு இல்லை, தள்ளிக்கொண்டு. கைக்கடிகாரம் பழுது பார்க்கிற மனிதர். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. அறுபத்தைந்து வயதிருக்கும். வலது கண்ணில் பூ விழுந்த பிறகு நுணுக்கமான வேலையை விட்டுவிட்டு, இப்போது பேட்டரியும் வாரும் மட்டும் மாற்றித் தருகிறார். வண்டி அவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கினது.

"தம்பி இல்லையாம்மா?"

"மட்கார்டுக்கு முலாம் பூசக் குடுத்திருந்தான், வாங்கப் போயிருக்கான். மத்தியானம் ஆகும். மறுபடியும் நின்னுடுச்சா ஐயா?"

"நின்னுடுச்சு. நேத்து, பாலத்து மேல ஏறும்போது. அதுக்கப்புறம் இத ஓட்டவே மனசு வரல." அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். "நான் தனியாப் போனா ஒழுங்காப் போகுதும்மா. அவ பின்னால ஏறினாத்தான் நிக்குது. ஆறு மாசமா இதே கதை."

'அவ' என்றது அவர் மனைவியை. அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று நாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் படுத்து இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போகலையா அப்ப?"

வாட்ச்காரர் கவுண்டர் மேல் கிடந்த ஒரு வாஷரை எடுத்து விரலால் உருட்டினார்.

"பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கறான். வெயில். உதைக்கறேன் உதைக்கறேன், ஸ்டார்ட் ஆகல. கோவத்துல, 'நீ ஏறினா எதுதான் விளங்கும்'னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னாலயும் சொல்லியிருக்கேன், இல்லன்னு சொல்லல. ஆனா நேத்து பத்து பேர் நிக்கறாங்க. அவ பேசாம இறங்கினா. திரும்பி வீட்டப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டா. அந்த உடம்பை வச்சுக்கிட்டு."

"ஐயோ, ஐயா."

"இப்ப எதுலயும் ஏற மாட்டாளாம். ஆட்டோ கூப்பிட்டேன், அதுலயும் மாட்டாளாம். நான் இருக்கற எதுலயும் ஏறமாட்டேன்னு சுவத்தப் பார்த்துப் படுத்திருக்கா. நர்சு போன் பண்ணி நாளைக்கும் வரலைன்னா மூச்சுக்கு ஆபத்தாயிடும்னு சொல்றாங்க." அவர் வாஷரைக் கீழே வைத்தார். "வண்டி நிக்காதுன்னு தைரியமா ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சா கேப்பாளோ என்னவோ. தம்பிய எப்படியாச்சும் இன்னிக்கே பார்க்கச் சொல்லும்மா."

தம்பி மத்தியானம் வருவான். வந்து, அவன் கட்டிக்கொண்டிருக்கும் காட்சி வண்டிக்கு அந்த மட்கார்டை மாட்டி அழகு பார்ப்பான். பழைய வண்டி சேகரிக்கிற பெரிய மனுஷர் ஒருவர் சனிக்கிழமை அதைப் பார்க்க வருகிறார். இந்த வண்டியை அவன் தொடும்போது சாயங்காலம் ஆகிவிடும். தொட்டால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "வாட்ச்காரர் வண்டிக்கு ஒரு காயில் குடுக்கா" என்பான். ஆறு மாதத்தில் மூன்று காயில் கொடுத்தாகிவிட்டது.

"விட்டுட்டுப் போங்க ஐயா. அஞ்சு மணிக்கு வாங்க. நானே பார்க்கறேன்."

"நீயாம்மா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

அவர் போனதும் அக்கா கடையைப் பாதி இழுத்துச் சாத்தினாள். வண்டி தனியாகப் போனால் நிற்காது, ஆளை ஏற்றினால் நிற்கும். அப்படியென்றால் நோயை நிற்கிற இடத்தில்தான் பிடிக்கவேண்டும், கடைக்குள் வைத்து உதைத்தால் சமர்த்தாக ஓடும். எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டாள். நல்ல கனமான மனிதர். அவர் ஏறி உட்கார்ந்ததும் பின் ஸ்பிரிங் முனகியது.

"எங்கக்கா போறோம்?"

"பாலத்துக்கு. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், கனமா உக்காருங்க."

"அது நமக்கு வரும்."

மார்க்கெட்டைத் தாண்டிப் பாலத்தில் பாதி ஏறியதும் எஞ்சின் இரண்டு தரம் இருமியது, அப்படியே செத்துப்போனது. டீ மாஸ்டர் கீழே இறங்கி இடுப்பில் கை வைத்தார். "பிளக்கை மாத்துக்கா" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கைப்பிடிச் சுவர் பக்கம் நகர்ந்து ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினாள். பெட்ரோல் வழிந்தது, ஆகவே கார்புரேட்டர் வரைக்கும் பெட்ரோல் வருகிறது. பிளக்கைக் கழற்றினாள். அதன் மூக்கு இளம்பழுப்பாக இருக்க வேண்டும், இருந்ததோ சுண்ணாம்பு வெள்ளை. எஞ்சின் பெட்ரோல் போதாமல் காற்றைத் தின்று கொதித்திருக்கிறது. பிளக்கை எஞ்சின்மேல் சாய்த்து வைத்து உதைத்தாள். மஞ்சளாக, நூல் மாதிரி ஒரு பொறி வந்தது. கால்மணி நேரம் சும்மா நின்றாள். எஞ்சின் ஆறியதும் மறுபடி உதைத்தாள். இப்போது பொறி நீலம், சடசடவென்று சத்தத்தோடு வந்தது. பொறிக்கு மின்சாரம் தருகிற காயில்தான். ஆறியிருந்தால் வேலை செய்யும், சூடானால் படுத்துவிடும். தனி ஆளை இழுக்கும்போது அந்தச் சூடு வராது, இரண்டு பேரை மேட்டில் இழுத்தால் வந்துவிடும். அந்த அம்மா ஏறினாலும் நிற்கும், டீ மாஸ்டர் ஏறினாலும் நிற்கும், ஒரு மூட்டை சிமெண்டை ஏற்றினாலும் நிற்கும்.

"நான் ஏறினதாலயாக்கா?" என்று டீ மாஸ்டர் ஒரு மாதிரியாகக் கேட்டார்.

"இல்ல அண்ணே" என்றாள் அக்கா. இந்த ஒரு வார்த்தையை ஆறு மாதமாக அந்த வீட்டில் போய்ச் சொல்ல ஆளில்லாமல் போனதே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பட்டறைக்கு வந்து, காயிலை மறைக்கிற மேக்னட் மூடியைக் கழற்றினாள். மூடியின் உள்பக்கம் ஒரு சின்னக் கீறல் தெரிந்தது. பிறை மாதிரி ஒரு கோடு, அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வருஷம். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கடிகாரம் பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடிகாரத்தைத் திறந்தாலும் மூடியின் உள்பக்கம் ஊசியால் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பார்கள். அடுத்துத் திறப்பவருக்கு யார் கை பட்டது என்று தெரியும். கண் நன்றாக இருந்த காலத்தில் வாட்ச்காரர் தன் வண்டியிலும் அதையே செய்திருக்கிறார். செயின் மூடியின் உள்ளே பிறை. பிரேக் தகட்டில் பிறை. பொறிக்கு நேரம் பிடிக்கிற பாயின்ட் தகட்டில்கூட, கடுகு அளவுக்குப் பிறை. மனுஷன் இந்த வண்டியைக் கடிகாரம் மாதிரி வைத்திருந்திருக்கிறார்.

காயிலில் பிறை இல்லை. இருக்கவும் முடியாது. அது அவள் கடைப் பெட்டியிலிருந்து போன சரக்கு, இருப்பதிலேயே மட்டமானது. திருகு ஓட்டை பொருந்தாமல், குளிர்பான டப்பாவைக் கத்தரித்து மடித்து இடையில் சொருகியிருந்தது. அந்தத் தகரத்தில் ஒட்டியிருந்த பானம் கருத்துப் பிசினாகி அதில் இரண்டு எறும்பு வெந்து கிடந்தன. கம்பியை மூன்று முறுக்கு முறுக்கி நுனியை உள்ளே மடித்து விட்டிருந்தது. அப்படி மடிப்பது அவள் தம்பி மட்டும்தான். சின்ன வயதில் கம்பி குத்தி விரல் சீழ் பிடித்ததிலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம்.

கார்புரேட்டரைப் பார்த்தாள். நகல். பெட்ரோலைச் சரியாகத் தராமல் எஞ்சினைக் கொதிக்க வைத்தது அதுதான். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பைப் பார்த்தாள். பழைய பித்தளை டேப் இருந்த இடத்தில் ஒரு தகர டேப். அது ஒழுகாமல் இருக்கச் சுற்றிலும் குளியல் சோப்பை அப்பியிருந்தது. அக்கா நகத்தால் அதைச் சுரண்டினாள். கையோடு வந்த சோப்புத் துண்டில் ஒரு நீளத் தலைமயிர் சுருண்டிருந்தது. பட்டறைக் குழாயடியில் கிடக்கும் சோப்பு, அவளும் முகம் கழுவுகிற சோப்பு, அவள் மயிர். அவளுக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

மட்டமான பாகத்தைப் போடுகிறவன் ஊரில் ஆயிரம் பேர். ஆனால் கழற்றின நல்ல பாகம் எங்கே? அந்தப் பட்டறையில் ஒரு முறை இருந்தது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைச் செய்தித்தாளில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். தம்பி இரண்டு வருஷமாக அதை விட்டுவிட்டான். "குப்பைய எதுக்கு அவங்க வீட்டுக்குக் குடுத்தனுப்பணும்" என்றான். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது, அல்லது சரியென்று பட்டதாக வைத்துக்கொண்டாள்.

பட்டறையின் மூலையில் காட்சி வண்டி போர்வைக்குள் நின்றது. அதே ரகம், அதே வருஷத்து வண்டி. பழைய இரும்புக் கடையிலிருந்து வெறும் எலும்புக்கூடாக வந்தபோது அவள் பார்த்திருக்கிறாள். "இதுக்கெல்லாம் ஒரிஜினல் பாகம் எங்கடா கிடைக்குது?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "தேடினா கிடைக்கும்" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு, தம்பியின் கைவேலையை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள்.

போர்வையை இழுத்தாள். தகதகவென்று நின்றது. பெட்ரோலில் நனைத்த துணியால் கார்புரேட்டரின் வயிற்றைத் துடைத்தாள். பிறை. பித்தளை டேப்பின் கழுத்தில் பிறை. மேக்னட் மூடியைத் திறந்தாள், காயில் தகட்டில் பிறை, அதன் கீழே இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு வருஷம். சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தால் மடிப்பில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அது ரொட்டி விற்பவர் வண்டியின் நீலம். அவர் போன மாதம் வண்டி குலுக்குகிறது, ரொட்டியெல்லாம் நசுங்குகிறது என்று வந்து புலம்பினார்.

சீ, என்ன பிறவி இது! திருடன்கூடச் சுவரேறிக் குதிக்கிற சிரமப்படுகிறான். இங்கே ஆட்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நம்பி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கெட்டுப்போகாததைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போவதை மாட்டி அனுப்பி, அது கெட்டதும் மறுபடி வாங்க என்று உபசாரம். அக்காவுக்கு அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டதெல்லாம் ஞாபகம் வந்தது.

ஸ்பானரை எடுத்தாள்.

தம்பி வந்து சேரும்போது மணி இரண்டு. காட்சி வண்டியிலிருந்து கார்புரேட்டரும் டேப்பும் காயிலும் இறங்கி வாட்ச்காரர் வண்டியில் ஏறியிருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து கடைசித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முலாம் பூசிய மட்கார்டைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"அக்கா! என்ன பண்ற நீ?"

"உடமைய உடையவங்ககிட்ட சேர்க்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? சனிக்கிழமை அவர் வராரு!"

"வரட்டும். வந்து எலும்புக்கூட்டப் பார்த்துட்டுப் போகட்டும்."

அவன் மட்கார்டை மெதுவாக, கீறல் விழாமல், பெஞ்சின் மேல் வைத்தான். அந்தப் பதவிசைப் பார்த்துத்தான் அவளுக்கு அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதப் பாருக்கா. அந்த ஆளுக்கு அதோட அருமை தெரியுமா? வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டற வண்டிக்கு ஒரிஜினல் எதுக்கு? ஏதோ ஒண்ணு ஓடினாப் போதும்."

"ஓடலையே, டேய்! நடுப்பாலத்துல நிக்குதே! அந்தப் பொம்பளை நேத்து ஆஸ்பத்திரிக்குப் போகாம வீட்டுக்கு நடந்து போயிருக்கு, தெரியுமா உனக்கு? நீ ஏறினதாலதான் நிக்குதுன்னு அந்த மனுஷன் ஆறு மாசமா அதப் போட்டுப் பேசியிருக்காரு. நாளைக்கும் போகலைன்னா அது பொழைக்கறதே கஷ்டம்."

அவன் முகம் ஒரு கணம் மாறியது. உடனே பழையபடி ஆகிவிட்டது.

"அது அவங்க வீட்டுச் சண்டை. நான் என்ன பண்ண முடியும்?"

"சோப்பு அப்பியிருக்கடா. டேங்குல சோப்பு. உனக்கே குமட்டல?"

"ரொம்பப் பேசாதக்கா." அவன் குரல் இறங்கியது. "காயில் எங்க வாங்கினேன்? உன் கடையில. மூணு. பெட்டியில இருக்கறதுலயே மட்டமானத எடுத்துக் குடுத்தது யாரு? நானா உள்ள வந்து எடுத்தேன்? மூணாவது தடவ கேக்கும்போது உனக்குத் தெரியாது? பதினெட்டு வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்க, வண்டி சத்தத்துல வியாதி சொல்லுவ, ஒரே வண்டிக்கு ஆறு மாசத்துல மூணு காயில்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது?"

அக்காவின் கை ஸ்பானரோடு நின்றது.

தெரியும். இன்னது என்று பெயர் வைத்துத் தெரியாது. ஆனால் மூன்றாவது காயிலை எடுக்கும்போது அவள் கை ஒரு நொடி தயங்கியது ஞாபகம் இருந்தது. கேட்டால் ஏதாவது பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்யவேண்டி வரும் என்று கேட்காமல் விட்டாள். பாய்க்கு அடியில் எதுவோ நாறுகிறது என்று தெரிந்தும் பாயைத் தூக்காமல் அதன் மேலேயே படுத்துக்கொள்கிற புத்தி. இத்தனை நேரம் அவன்மேல் இருந்த அருவருப்பு அவள் மேலேயே திரும்பியது. கையை முகர்ந்து பார்த்தாள். பெட்ரோலும் சோப்பும் கலந்து வாடை அடித்தது.

"தெரியும்டா" என்றாள். "அதனாலதான் இப்ப நான் கழட்டறேன். அந்த ஸ்பிரிங்கயும் இறக்கி வை. ரொட்டிக்காரருக்கு நாளைக்குப் போகணும்."

"இறக்க மாட்டேன். நீ இப்படிப் பண்ணினா நான் இந்த ஜன்னல அடைச்சுடுவேன். எனக்குப் பார்ட்ஸ் குடுக்க ஊர்ல வேற கடையா இல்ல?"

"அடைச்சுக்கோ."

"அக்கா."

"அடைச்சுக்கோன்னுதான சொல்றேன்? செங்கல் வேணுமா, எடுத்துத் தரவா?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தெருவில் நின்று யாரிடமோ, "சார், சின்னத் தாமதம் சார், ஒரு வாரம் குடுங்க சார்" என்று குழைவது கேட்டது. ஸ்பிரிங்கையும் அக்காவேதான் இறக்கினாள்.

மூன்றரைக்கு மறுபடி டீ மாஸ்டரை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். இறங்கித் திரும்பி மறுபடி ஏறினாள். ஐந்து தரம். எஞ்சின் இருமவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், இளம்பழுப்பு. ஆறாவது தரம் வேண்டுமா என்று கேட்டபோது டீ மாஸ்டர், பால் பொங்கிவிடும் என்று சொல்லிக் கும்பிட்டார்.

ஐந்து மணிக்கு வாட்ச்காரர் வந்து உதைத்துப் பார்த்தார். அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மாதிரி நிதானமாக அது ஓடுவதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்துபோனது. "தம்பி கைப்பட்டா தனிதான்" என்றார்.

இங்கேயே வாயை மூடிக்கொண்டு சிரித்து அனுப்பிவிடலாம். வண்டி ஓடுகிறது, பாகம் வந்துவிட்டது, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. எஞ்சினை நிறுத்தினாள். கவுண்டருக்குள் போய் உட்காராமல் தெருவிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி கழற்றியது, அவள் கொடுத்தது, காட்சி வண்டி, சோப்பு, மூன்று காயில், ஒன்றையும் விடவில்லை.

வாட்ச்காரர் கேட்டுக்கொண்டே குனிந்து கார்புரேட்டரின் அடியில் விரலை விட்டார். அவ்வளவு பொடிக் கீறல் அவர் கண்ணுக்கு இப்போது தெரியாது. கட்டைவிரல் நகம் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. திட்டுவார், கத்துவார், ஊரைக் கூட்டுவார் என்று அக்கா காத்திருந்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள்.

"அப்ப அவ ஏறினதால இல்ல" என்றார்.

"இல்ல ஐயா."

"ஒரு நாளும் இல்ல."

"ஒரு நாளும் இல்ல."

அவர் நிமிர்ந்தார். "நீ வந்து அவகிட்ட சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டா. எப்படி நம்புவா?"

வீடு இரண்டாவது மாடியில். ஒரே அறை, ஒரு கட்டில், சுவரில் ஏழெட்டுக் கடிகாரங்கள். அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கால்கள் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. இடது முழங்கையில் ஊசி ஏற்றுகிற நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. படுத்தபடியே மூச்சு வாங்குவது கேட்டது. அக்கா கட்டிலருகே நின்று, தெருவில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். இரண்டாவது தரம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

அந்த அம்மா மெல்லத் திரும்பி எழுந்து உட்கார்ந்தார்.

"டீக்கடைக்காரரு ஏறினாலும் நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா."

"எத்தன நாளா இது?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசம்" என்று அந்த அம்மா சொல்லிப் பார்த்தார். கணவர் ஓடிவந்து கட்டிலின் காலடியில் நின்றார்.

"பார்த்தியா, நான் எங்க வேணும்னு சொன்னேன்? எல்லாம் அந்தப் பயல் பண்ணின வேலை. எனக்கென்ன தெரியும்? வண்டிக்குள்ள மாத்தி வச்சுட்டான்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். அழுக்குத் துணியைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார்.

"வண்டியில இருந்தத இவங்க மாத்தினாங்க. சரி. உங்க வாயை யாரு கழட்டி மாத்தினாங்க?"

சுவரில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சுடுங்கம்மா."

"அத வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?" அந்த அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்து மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நீ நல்லா ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்மா."

"காலைல ஆறரைக்கு வந்துடு. முடிய பதினொண்ணு, பதினொண்ணரை ஆகும். வெளிய பெஞ்சு இருக்கு, உக்காந்திரு. திங்கள், புதன், வெள்ளி."

"அப்ப நான்?" என்றார் வாட்ச்காரர்.

"நீங்க பஸ்ல வாங்க. வரணும்னு தோணினா."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாத மாதிரி கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள்.

"எத்தன நாளைக்கும்மா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.